சும்மா உதவிக்கு

அத்தியாயம் பதினான்கு

துஷாந்தி தொழில் பரிசோதனை அலுவலகத்துக்குப் போய்த் தன் தாயின் வேலையையும் சம்பளத்தையும் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றாள். அவளை அந்தத் தெருவோரத்தில் விட்டுவிட்டுத்தான் போன கிழமை அத்தியாயத்தில் பிரிந்தோம். தாயிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. தகப்பனிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. அதனால் வெள்ளிக்கிழமை காலை தாய் கோசலை ஒன்றும் அறியாதவளாக, பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் உள்ள வீட்டிலிருந்து வழக்கம்போல நடந்தே வேலைக்குப் போனாள்.

வேலை, ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில் உள்ள தவரத்தினத்தின் சாப்பாட்டுக் கடையில். தவரத்தினம் வேறு யாருமல்ல, கோசலையின் கணவன் குணரத்தினத்தின் சொந்த அண்ணன். தம்பியைப் பிரான்சுக்கு எடுத்துவிட்டவர். எடுத்துவிட்டவர் என்ற சொல்லுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருக்கிற பாரம் வெளியாட்களுக்கு விளங்காது. அவரை எதிர்த்துக் கதைப்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர் முன்னால் கதிரையில் சாய்ந்து இருக்கவே குணரத்தினம் இன்றைக்கும் யோசிப்பான். அவனுக்கு வேலையும் அண்ணனிடம்தான். ரூ பிலிப்-து-ஜிராரில் இருக்கிற அண்ணனின் பலசரக்குக் கடைக்கு வான் ஓட்டுகிறான்.

குசினியில் கோசலை வைத்ததுதான் சட்டம். மிளகாய்த்தூள் எவ்வளவு கறுக்க வறுபட வேண்டும், இறைச்சிக்கு எப்போது பால் விட வேண்டும், எந்த நாளுக்கு எத்தனை மூட்டை வெங்காயம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் நடக்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பழக்கி எடுப்பதும் அவள்தான். போன மாதம் சேர்ந்த தனோஜன் தேங்காய் துருவக்கூடத் தெரியாமல் வந்தவர். பாவம், நல்ல மனிதர். ஆனால் சம்பளத்துண்டைப் பார்த்தால் அவருக்கும் இவளுக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம். 'குசினி உதவியாள், முதல் படி.'

இந்தப் படிக் கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் உணவக முதலாளிமாரின் சங்கங்களும் தொழிலாளர் சங்கங்களும் ஒரு மேசையில் இருந்து பேசி ஒப்பமிட்ட உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. கொன்வன்சியோன் என்பார்கள். அதில் ஓர் ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவுகிறவர் எந்தப் படி, சமைக்கிறவர் எந்தப் படி, மற்றவர்களை வைத்து வேலை வாங்குகிறவர் எந்தப் படி, ஒவ்வொரு படிக்கும் எதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று எல்லாம் அதில் உண்டு. கோசலை வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அத்தான் என்று கூப்பிடுகிற தவரத்தினம் அவளை அடிப்படியில் நிறுத்தினார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள். அரசாங்கம் ஸ்மிக் என்கிற குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டினால் அடிப்படியும் ஓர் அங்குலம் உயரும். அதைத்தான் தவரத்தினம் ஒவ்வொரு முறையும், "இந்த முறையும் உனக்குக் கூட்டியிருக்கிறன் பிள்ளை" என்று தன் கையால் கொடுப்பதுபோலச் சொல்வார். கோசலையும் "பெரிய உபகாரம் அத்தான்" என்பாள். எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தன் பெயருக்கு நேரே 'சமையலாளர்' என்ற சொல் வர வேண்டும், அதற்குரிய படியில் தன்னை ஏற்ற வேண்டும் என்ற ஆசை இப்போது சில காலமாக அவள் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது. அதை ஒருநாள் மகளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சம்பளக் கணக்குப் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிற மகள் அதைச் சும்மா விடுவாளா?

மதியக் கூட்டம் வடிந்து, கடையில் கடைசியாக இருந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிரெஞ்சு மதாம் உள்ளே வந்தார். முதுகில் பை. தலைமயிர் குட்டையாக வெட்டியிருந்தது. பில் மேசையில் நின்ற பிலோமினாவிடம் தன் அடையாள அட்டையைக் காட்டினார். தொழில் பரிசோதகர்.

தவரத்தினத்தின் முகம் ஒரு கணம் வெளிறி, மறுகணம் வெள்ளையடித்த சுவர்போலப் பளிச்சென்று ஆனது. "வாங்கோ மதாம், இருங்கோ மதாம்" என்பதையெல்லாம் பிரெஞ்சில் சொன்னார். வடை நீட்டினார். மதாம் வேண்டாம் என்றார். தேத்தண்ணியும் வேண்டாம். தொழிலாளர்களோடு தனியே பேச வேண்டும், முதலாளி வெளியே நின்றால் நல்லது என்றார்.

தவரத்தினம் வெளியேதான் நின்றார். ஆனால் குசினிக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

முதலில் பிலோமினா. பாண்டிச்சேரிப் பெண். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மதாம் கேட்டதும் கையை விரித்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். பில் போடுகிறேன், பரிமாறுகிறேன், ஃபோனில் ஓடர் எடுக்கிறேன், மேசை துடைக்கிறேன், கடை பூட்டுகிறேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்து, இதற்கெல்லாம் சேர்த்து என்னை எந்தப் படியில் வைத்திருக்கிறார்கள் என்று அவளே திருப்பியும் கேட்டாள். மதாம் குறித்துக்கொண்டார்.

அடுத்தது கோசலை.

கோசலைக்குக் கடைக்கும் மெட்ரோவுக்கும் போதுமான பிரெஞ்சு உண்டு. உத்தியோகத்தர் யாராவது கேள்வி கேட்டால் மட்டும் அது எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும். பிலோமினா மொழிபெயர்க்க வந்து நின்றாள்.

"அக்கா, இங்க உங்க வேலை என்னான்னு கேக்கறாங்க."

கோசலை நிமிர்ந்தாள். மதாமின் தோளுக்கு மேலாக, கதவடியில் அத்தான் நிற்பது தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது, அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய சொல். யாராவது கறி நன்றாக இருக்கிறது என்றால், ஐயோ நான் என்ன செய்தேன் என்பாள். ஒரு கலியாண வீட்டுக்கே தனியாளாகச் சமைத்துப் போட்டுவிட்டு, யார் சமையல் என்று கேட்டால், எல்லாரும் சேர்ந்துதான் என்பாள். புருஷனின் தமையன் முன்னால் நின்றுகொண்டு, இங்கே எல்லாம் நான்தான் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? அது வாய்க்கொழுப்பு. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

"நான் சும்மா அத்தானுக்கு உதவிக்கு நிக்கிறன்" என்றாள்.

பிலோமினா அவளையே பார்த்தாள். "அக்கா?"

"ஓம். உதவிக்கு எண்டு சொல்லும்."

பிலோமினா சொன்னாள். மதாம் எழுதினார். எழுதிவிட்டு அடுப்பைப் பார்த்தார். இறக்கி வைத்திருந்த கிடாரங்களைப் பார்த்தார். அப்படியானால் சமைப்பது யார் என்று கேட்டார்.

கோசலைக்கு வாயில் கொழுக்கட்டை. 

"நான்தான்!" கதவடியிலிருந்து தவரத்தினத்தின் குரல் வந்தது. "ஷெஃப் நான்தான் மதாம். இது எங்கட குடும்பக் கடை."

சுடுகிற தாச்சியை எந்தத் துணியால் பிடிப்பது என்றுகூடத் தெரியாத மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு நின்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறார். மதாம் அந்தச் சட்டையையும் பார்த்தார், கோசலையின் ஏப்ரனையும் பார்த்தார். பிறகு கோசலையிடம், அவர் சொல்வது சரியா என்று கேட்டார்.

கோசலை தலையாட்டினாள். சிரித்துக்கொண்டே ஆட்டினாள்.

மதாம் பேனையை மூடினார். அவர் சொன்னதைப் பிலோமினா ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து மொழிபெயர்த்தாள். "உதவிக்கு நிக்கறவங்களுக்கு முதல் படிதானாம். அதுல தப்புன்னு சொல்ல முடியாதாம். வேற ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா ஆபீசுக்கு வந்து பாக்கச் சொல்றாங்க."

மதாம் போய்விட்டார். தவரத்தினம் தெருமுனை வரைக்கும் வழியனுப்பப் போனார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" பிலோமினா பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"நீர் மாத்திச் சொல்லியிருக்கலாமே!"

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அது பொய்யில்லையே!"

"அப்ப நீங்க சொன்னதுதானே பொய்! நீங்க சொன்ன பொய்யை நான் பிரெஞ்சுல சொன்னேன். என்மேல எதுக்குப் பாயறீங்க?"

கோசலை கரண்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். தன் நாக்கைத் தானே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. கேட்டது யார்? சம்பளத்தை உயர்த்தச் சொல்ல அதிகாரம் உள்ளவர். எங்கே கேட்டார்? அவளுடைய சொந்தக் குசினியில், அவள் வைத்த கறியின் மணத்துக்கு நடுவில். எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பதில் அது! 'நான்தான் சமைக்கிறன்.' இரண்டே சொல். அதைச் சொல்ல வராமல், அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு நின்றாளே.

திரும்பி வந்த தவரத்தினம் மெத்தச் சந்தோஷமாக இருந்தார்.

"நீ குடும்பத்துப் பிள்ளை, கோசலை. எங்கட மானத்தைக் காப்பாத்திப்போட்டாய்."

திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உவள் பிலோமினாவைப் பாத்தியோ? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிச்சாள். ஆரோ போய்ச் சொல்லாமல் அந்த மனிசி இஞ்சை வராது. உவள்தான். வாற கிழமையோட நிப்பாட்டிப்போடுவன்."

"அவள் அப்பிடிச் செய்யமாட்டாள் அத்தான்."

"உனக்கு உலகம் தெரியாது பிள்ளை. அதை விடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையின்ர சாமத்தியச் சடங்கு ஓடர் எடுத்திருக்கிறன். பெரிய ஹோல், பெரிய சனம். ஆட்டிறைச்சிக் கறி உன்ர கையால வேணுமெண்டுதான் கேட்டவை. நாளைக்குக் காலமை வெள்ளெனவே வந்திடு."

உன்ர கையால வேணுமாம். கோசலை சரி என்று சொன்னாள். வேறு என்ன சொல்லத் தெரியும் அவளுக்கு?

வீட்டுக்கு வந்தபோது குணரத்தினம் அவளுக்கு முன்னமே வந்திருந்தான். சந்தோஷமாகக் கதவைத் திறந்தான். "அண்ணை ஃபோன் எடுத்துக் கதைச்சவர். நீ நல்ல புத்தியாய்க் கதைச்சனியாம். எனக்கும் பெருமையாய்க் கிடந்துது."

"என்ன பெருமை?"

"இல்லை, அண்ணை அப்பிடிச் சொன்னவர்…"

கோசலை கைப்பையைக் கதிரையில் எறிந்தாள். அவள் பொருள் எதையும் எறிகிற ஆள் இல்லை. குணரத்தினம் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

துஷாந்தி வேலை முடிந்து உள்ளே வரும்போதே முகத்தில் ஓர் எதிர்பார்ப்போடுதான் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, இண்டைக்குக் கடைக்கு ஆரும் வந்தவையோ?"

கோசலை மகளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவுடனேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீயோ?"

"ஓம், நான்தான். என்ன நடந்தது? என்ன சொன்னீங்கள்?"

நடந்ததைக் கோசலை சொன்னாள். சொல்லச் சொல்ல மகளின் முகம் சிவந்தது. 'உதவிக்கு' என்ற இடத்தில் துஷாந்தி தலையில் கையை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் கத்தினாள்.

"மே நோன், மமோன்! ஸே பா வ்ரே! நம்பவே முடியேல்லை! எத்தினை தரம் நான் உங்களுக்குப் படிப்படியாய் விளங்கப்படுத்தினனான்! அந்த மனிசி உங்களிட்ட நேர கேட்டிருக்கு. நேர! நீங்களே முதல் படியில ஏறி இருந்து, எனக்கு இதுதான் வசதி எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறீங்கள்!"

"என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் வேண்டாம் எண்டிருப்பீங்கள்."

"ஓம், வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனால் அவ கேக்கேக்கை என்ன சொல்லுறது எண்டு யோசிச்சாவது வைச்சிருப்பன்! நீ ஒரு பக்கம் எனக்குத் தெரியாமல் போய்ச் சொல்லுறாய். அத்தான் ஒரு பக்கம் கதவுக்குள்ள நிக்கிறார். நான் நடுவில நிண்டு என்ன செய்ய?"

துஷாந்தி குனிந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றினாள். அவள் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் யாருக்காகச் செய்தாளோ அந்த ஆளிடம் கேட்காமல் செய்த காரியம்.

குணரத்தினத்துக்கு இப்போதுதான் சங்கதி முழுதாக இறங்கியது. "நீயோ போய்ச் சொன்னனி? பெரியப்பாவுக்கு எதிராவோ? அந்த மனுசன் இல்லாட்டி நான் இஞ்சை வந்திருப்பனோ? நீ இஞ்சை பிறந்திருப்பியோ?"

"அப்பா, அதுக்கு அம்மா எவ்வளவு காலம் அடிப்படியில நிக்கவேணும்?"

"உனக்குப் படி, ஏணி எண்டு கதைக்கத்தான் தெரியும். அண்ணைக்குத் தெரிஞ்சால் என்ர வேலையும் போகும். வாயைத் திறக்காதை!"

"அவருக்கு வேற ஆள் கிடைச்சிட்டுது" என்றாள் கோசலை. "பிலோமினாதான் போய்ச் சொன்னது எண்டு முடிவு கட்டிப்போட்டார். வாற கிழமையோட அவளை நிப்பாட்டப் போறாராம்."

துஷாந்தியின் கோபம் அப்படியே வடிந்துபோனது. "அவவுக்கு ஒண்டுமே தெரியாதே அம்மா. நான் இப்பவே போய்ச் சொல்லுறன்."

"நீ ஒரு இடமும் போகேலாது!" என்றான் குணரத்தினம்.

கோசலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவன் தன்னைக் கேட்காமல் வாயை மூடச் சொல்கிறான், மற்றவள் தன்னைக் கேட்காமல் வாயைத் திறக்கிறாள். இரண்டு பேருமே அவளுடைய நன்மைக்காகத்தான் என்கிறார்கள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

"இஞ்சருங்கோ" என்றாள் கணவனிடம். "நான் அங்கை என்ன வேலை செய்யிறன்?"

"என்ன கேள்வி இது?"

"கேட்டதுக்குச் சொல்லுங்கோ. என்ன வேலை?"

"சமைக்கிறாய்."

"ஆர் சமைக்கிறது? நானோ, உங்கட அண்ணையோ?"

"நீதான்."

"அப்ப இதை அவரிட்ட எடுத்துச் சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ."

குணரத்தினம் நிலத்தைப் பார்த்தான். நிலத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அண்ணன் முன்னால் நாக்கு எழும்பாத வியாதி அவனுக்கும் இருந்தது. அதே வியாதிதான் மத்தியானம் தன்னையும் பிடித்தது என்பது கோசலைக்கு அப்போது விளங்கியது. விளங்கியபோது அவன்மேல் இரக்கம் வரவில்லை. அவன்மேலும் தன்மேலும் சேர்த்து எரிச்சல்தான் வந்தது.

அவளே ஃபோனை எடுத்தாள். அத்தானை அழைத்து, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாள்.

"சொல்லு பிள்ளை" என்றது தவரத்தினத்தின் குரல். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"அத்தான், பிலோமினாவில கை வைக்காதேங்கோ. அவள் ஒருத்தரிட்டயும் போகேல்லை. சொன்னது எங்கட வீட்டில இருந்துதான்."

துஷாந்தி முன்னால் வந்தாள். கோசலை கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

"எங்கட வீட்டில இருந்தோ? ஆர்?"

"நான் எண்டு வையுங்கோ."

 தவரத்தினம் சிரித்தார். "உனக்கென்ன விசரோ? மத்தியானம் நல்ல பிள்ளையாய்த்தானே கதைச்சனி?"

"ஓம் அத்தான். மத்தியானம் சொன்னதை நான் மாத்தேல்லை. உதவிக்கு நிக்கிறன் எண்டு சொன்னன். நீங்களும் அதுதான் சரியெண்டு அந்த மனிசிக்குச் சொன்னீங்கள். நாளைக்கும் உதவிக்கு வருவன். வெங்காயம் உரிப்பன், மரக்கறி வெட்டுவன், சட்டி கழுவுவன். முதல் படிக்காரிக்கு என்ன வேலையோ அதை வடிவாய்ச் செய்வன். அடுப்பில கை வைக்கமாட்டன்."

  தன் வாயிலிருந்துதான் இது வருகிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பகிடி விடுறியோ? ஞாயிற்றுக்கிழமை ஓடர் கிடக்கு! கறியை ஆர் வைக்கிறது?"

"ஷெஃப் நீங்கள்தானே, அத்தான்."

மறுமுனையில் கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. தவரத்தினம் எழுந்து நின்றிருக்க வேண்டும். இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"ஃபோனைத் தம்பியிட்டக் குடு."

கோசலை மேசையிலிருந்து ஃபோனை எடுத்துக் கணவன் முன்னால் நீட்டினாள். துஷாந்தி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி! டேய் தம்பி, குணம்! நிக்கிறியோ?"

குணரத்தினம் ஃபோனைப் பார்த்தான். பிறகு அதைப் பிடித்திருந்த மனைவியின் கையைப் பார்த்தான். அவன் வாங்கிக்கொள்ளவும் இல்லை, "ஓம் அண்ணை" என்று சொல்லவும் இல்லை.